எட்டில் வைத்த செவ்வாய்

அந்த ஜோதிடர் என் அக்காவைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னார். வயதில் பெரியவர், நெற்றி நிறைய விபூதி, குரலில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வாரே, அப்படித்தான் சொன்னார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். "காட்டு தாயி, ஐயா கேக்குறாங்கல்ல" என்றார் அப்பா. திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறை அது. எங்களுக்கு அடுத்து ஜாதகம் பார்க்கக் காத்திருந்த ஏழெட்டுப் பேர் சுவரோரம் பெஞ்சில் இருந்தார்கள். அத்தனை பேர் பார்வையும் அக்காவின் காலுக்கு இறங்கியது. இருபத்திரண்டு வயதுப் பெண், கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவள், கண்ணை மூடிக்கொண்டு சேலையை நாலு விரல் அளவு தூக்கினாள். இடது கணுக்காலில் ஒரு பழைய தழும்பு. ஜோதிடர் குனிந்து பார்த்து, "ஆங்" என்று சொல்லி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு அப்போது பதினேழு வயது, அக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது. அந்த "ஆங்" இன்னும் என் காதில் இருக்கிறது. மறந்துவிடு என்று சொல்கிறவர்களிடம் நான் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம்.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம், அக்கா பிறந்த நேரம் யாருக்கும் தெரியாது என்பது. எங்களுக்குக் கீரமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமம். கனகாம்பரமும் முல்லையும் கொஞ்சம் தென்னையும் வைத்திருந்தோம். அக்கா ஒரு தை மாதத்தில், சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முந்தியே, வீட்டிலேயே பிறந்துவிட்டாள். வீட்டில் ஓடுகிற கடிகாரம் இல்லை. பிள்ளை எடுத்த மருத்துவச்சி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். தேதி தெரியும், நட்சத்திரம் தெரியும், நேரம் மட்டும் தெரியாது. "பொம்பளப் பிள்ளைதானே, கல்யாணத்தப்போ பாத்துக்கலாம்" என்று அப்பா விட்டுவிட்டார். ஐந்து வருஷம் கழித்து நான் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அட்டையில் மணியும் நிமிஷமும் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் எனக்கு ஒரு ஜாதகம் இருந்தது. அக்காவுக்கு இல்லை.

அது ஒரு குறை என்று அக்காவுக்கு இருபத்திரண்டு வயது வரை தோன்றியதே இல்லை. திருமயம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தபோதுதான் தோன்றியது. மாப்பிள்ளை ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மோட்டார் அறைப் பக்கம் நின்று இருவரும் ஒரு பத்து நிமிஷம் பேசினார்கள். நான் காவல் என்ற பெயரில் நாலடி தள்ளி நின்றேன். அக்கா பி.எட். படிக்க வேண்டும் என்று சொன்னாள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "தாராளமா படிங்க. காலேஜுக்குப் போற நாள்ல நான் சோறு வடிச்சுருவேன், கொழம்பு மட்டும் எனக்கு வராது" என்றார். அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் போன பிறகு அன்று முழுக்க "கொழம்பு மட்டும் வராதாம்டி" என்று என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாள். அவருக்கும் பிடித்துவிட்டது என்று மறுநாளே சொல்லி அனுப்பினார்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள்: லக்னத்தோடு ஜாதகம்.

லக்னம் என்பது பிள்ளை பிறக்கிற நேரத்தில் கிழக்கே எழுகிற ராசி. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது மாறிவிடும். ஜாதகத்தில் அதுதான் முதல் வீடு. செவ்வாய் எத்தனையாவது வீட்டில் இருக்கிறது, சனி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதிலிருந்து எண்ணுவதுதான். பிறந்த நேரம் தெரியாவிட்டால் எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாது. அப்படித் தெரியாதவர்களுக்கு, நடந்து முடிந்த வாழ்க்கையை வைத்துப் பின்னோக்கிப் போய் லக்னத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்த ஜோதிடருக்கு நல்ல பெயர். அவர் பணத்துக்கு ஆசைப்பட்டவர் இல்லை. வெற்றிலை பாக்கோடு வைத்ததை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது, திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

அப்பாவிடம் நேரத்துக்கு ஒரே ஒரு அடையாளம் இருந்தது, அது கரண்டு. எங்கள் பக்கம் மோட்டார் ஓட்டுவதற்கான மூணு பேஸ் கரண்டு முறை வைத்துத்தான் வரும். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு வந்தால் அடுத்த வாரம் பத்து மணிக்கு வரும். "கரண்டு வந்துருச்சுன்னு மோட்டாரப் போட ஓடுனேன். போட்டுட்டு வந்து பாத்தா பிள்ளை பொறந்து கெடக்கு" என்றார் அப்பா. "ஆறு மணிக் கரண்டா, பத்து மணிக் கரண்டா?" என்று ஜோதிடர் கேட்டார். அப்பா தலையைச் சொறிந்தார். அப்போதுதான் எங்களோடு வந்திருந்த அம்மா வாயைத் திறந்தாள். "விடியுற நேரங்க. வெளிச்சம் சரியா வரல" என்றாள். அப்பா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீ சும்மா இரு. வலியில கெடந்தவளுக்கு மணி தெரியுமா?" என்றார். பெஞ்சில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். ஜோதிடரும் லேசாகச் சிரித்து, "ரெண்டையும் போட்டுப் பாப்போம், எது பிள்ளையோட வாழ்க்கைக்குப் பொருந்துதோ அதுதான் நெசம்" என்றார்.

ஆறு மணி என்றால் மகர லக்னம், பத்து மணி என்றால் மீன லக்னம். மகரத்திலிருந்து எண்ணினால் அக்காவின் செவ்வாய் பத்தாம் வீட்டில் இருக்கும். அது நல்ல இடம், உத்தியோகம் தரும் என்பார்கள். மீனத்திலிருந்து எண்ணினால் அதே செவ்வாய் எட்டாம் வீட்டுக்குப் போய்விடும். பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் என்றால் புருஷனுக்கு ஆகாது, தாலி நிலைக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இரண்டில் எது என்று பார்க்க அவர் அக்காவின் துன்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். சின்ன வயதில் அடிபட்டதா? பிறந்த வருஷம் வீட்டில் நஷ்டம் உண்டா? தாத்தா இருக்கிறாரா? எந்த வயதில் வயதுக்கு வந்தாள்? அப்பா எல்லாவற்றுக்கும் உற்சாகமாகப் பதில் சொன்னார், ஏதோ பரிசுப் போட்டியில் உட்கார்ந்திருப்பவர் கணக்காக. அந்தக் கோடையில் கிணறு வற்றியது என்றார். எங்கள் பகுதியில் எந்தக் கோடையில் கிணறு வற்றவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஏழு வயதில் கால் சைக்கிள் சக்கரக் கம்பிக்குள் மாட்டிச் சதை பிய்ந்தது என்றார். அப்போதுதான் சேலையைத் தூக்கச் சொன்னது.

அந்தத் தழும்பைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். தங்கள் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போன எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காலில் அதே இடத்தில் அதே தழும்பு உண்டு. எனக்கும் உண்டு, வலது காலில். அதே சைக்கிள்தான், ஓட்டியவரும் அதே அப்பாதான். என் ஜாதகத்தில் எட்டில் ஒன்றும் இல்லை. என் தழும்பு கவனக்குறைவு, அக்காவின் தழும்பு செவ்வாய்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை பிறந்தபோது அறைக்குள் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? லக்னத்துக்கும் சந்திரனுக்கும் நடுவில் எத்தனை கிரகங்களோ, பிரசவ அறையில் அத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறதாம். அப்பாவுக்குத் தெரியவில்லை, அவர்தான் மோட்டார் போடப் போய்விட்டாரே. வேறு வழியில்லாமல் அம்மாவைக் கேட்டார்கள். அம்மா விரலை மடக்கிச் சொன்னாள்: "மருத்துவச்சி ஒண்ணு. பூ எடுக்க வந்தவுக மூணு பேரு. நான் கத்துனதைக் கேட்டு எடுத்த பூவை மடியில கட்டிக்கிட்டே ஓடியாந்தாக. மொத்தம் நாலு." நாலு என்றதும் ஜோதிடர் மீனத்திலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா, சரியா நிக்கிது. மீனந்தான்." அடுத்த நிமிஷமே அப்பாவுக்கும் நினைவு வந்துவிட்டது. "ஆமாய்யா, இப்ப நெனப்பு வருது, நல்லா வெயில் ஏறிக் கெடந்துச்சு" என்றார். இல்லாத வெயிலை அவர் அன்றைக்கு என் கண் முன்னாலேயே வரவழைத்தார். எட்டில் செவ்வாய் உட்கார்ந்துகொண்டது.

பட்ட துன்பத்தை வைத்து அவளுக்கு ஒரு நேரம் போட்டார்கள். பிறகு அந்த நேரத்தை வைத்து அவளுக்கு மேலும் துன்பம் கொடுத்தார்கள். இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. திருமயத்துக்காரர்கள் ஜாதகத்தைப் பார்த்ததும் ஒரு வாரத்தில் மறுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவை தனியாக பஸ் ஏறி வந்தார். "எனக்கு இதுல எல்லாம் பெரிய நம்பிக்கை இல்லைங்க, எங்க அம்மாவ நான் பேசிச் சரிக்கட்டிருவேன், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று அப்பாவிடம் நின்றார். அப்பா அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்து, "வேணாம் தம்பி, தெரிஞ்சே ஒங்க உசுரோட வெளையாட முடியாது" என்று அனுப்பிவிட்டார். தன் பெண்ணைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற நினைவே அவருக்கு இல்லை. அக்கா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பி.எட். பேச்சும் அதோடு போயிற்று; கல்யாணம் முடியாத பெண்ணைத் தினமும் பஸ்ஸில் அனுப்ப முடியாது என்றார்கள்.

பிறகு செவ்வாய் தோஷம் உள்ள மாப்பிள்ளையாகத் தேடினார்கள். தோஷம் இருந்தால் நட்சத்திரம் ஒத்து வராது, நட்சத்திரம் ஒத்து வந்தால் வயது ஒத்து வராது. ஒன்பது வருஷம் தேடினார்கள். நடுவில் எனக்கு வயது ஏறுகிறது என்று என் கல்யாணத்தை முந்தி நடத்தினார்கள். நான் மறுத்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்ல முடியாது. இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் பட்டுச்சேலை எடுக்கப் போனேன். தாலி கட்டுகிற நேரத்தில் அக்கா மண்டபத்தின் பொருள் வைக்கிற அறையில், தேங்காய் மூட்டைக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் வர வேண்டாம் என்று ஒரு சித்தி சொல்லிவிட்டாளாம். நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அக்காவை எங்கே என்று கேட்டேன். தாலி ஏறிய பிறகு, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் ஊற்றுகிறவரிடம் கேட்டேன். இந்தக் கோபத்தில் என்மேலேயே விழுகிற பங்கு அதுதான்.

அக்கா யாரிடமும் எரிந்து விழுந்தது கிடையாது. அதுவும் எனக்குக் கோபம். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். அவளிடம் படித்தவர்களில் நாலு பேர் இன்றைக்கு ஆசிரியர்கள். முப்பத்தைந்து வயதுக்குமேல் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், "விடுங்க, கட்டிக்காமலே ஒருத்தரு உசுரைக் காப்பாத்திட்டேன். எங்கேயோ நல்லாருக்காரு" என்று சிரிப்பாள். கேட்பவர்களும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

நான் நர்ஸ் வேலைக்குப் போனேன். பத்து வருஷமாக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ வார்டில் இருக்கிறேன். தலை வெளியே வந்து பிள்ளை முழுதாகப் பிறந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வதும் எழுதுவதும் என் வேலைதான். "டயம் கரெக்டாப் பாத்து எழுதுங்க சிஸ்டர்" என்று வெளியிலிருந்து கதவைத் தட்டுவார்கள். பெண்ணுக்கு எத்தனை தையல் போட்டோம் என்று கேட்பவர்களைவிட அப்படித் தட்டுபவர்கள் அதிகம். போன வருஷம் ஒருநாள் முற்பகலில், வரும் வழியிலேயே ஆட்டோவில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருவரும் நலம். நேரம் எழுத வேண்டும். புருஷன் போனில் பார்த்ததாகப் பதினொன்று ஐந்து என்றான். மாமியார் பதினொன்றேகால் என்றார். கட்டிலில் கிடந்த பெண் மெதுவாக, "இல்ல சிஸ்டர், பள்ளிக்கூடத்தைத் தாண்டுறப்பதான் பொறந்துச்சு. இன்டர்வெல் பெல் அடிச்சுது, பிள்ளைக கத்திக்கிட்டு ஓடியாந்துச்சுக" என்றாள். எனக்கு அன்று இரண்டு பிரசவம் முடிந்திருந்தது, கை கால் ஓய்ந்து கிடந்தேன். வாயில் வந்துவிட்டது: "வலியில கெடந்த ஒனக்கு மணி எப்படிம்மா தெரியும்?"

சொன்ன பிறகு கையில் பேனா ஓடவில்லை. நான் பேசியது அப்பாவின் பேச்சு. அந்தப் பெண் அம்மா மாதிரியே வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் மணி சொல்லவில்லை, பெல் சத்தத்தைச் சொன்னாள். அம்மாவும் அன்றைக்கு மணி சொல்லவில்லை, பூ எடுக்க வந்தவர்களைச் சொன்னாள். எனக்கு அங்கேயே, அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, எல்லாம் புரிந்துபோயிற்று. கனகாம்பரத்தை இருட்டு பிரியும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். எட்டு மணிக்குள் பூ கீரமங்கலம் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். பத்து மணிக்கு எங்கள் கொல்லையில் பூ எடுக்கிற பெண்கள் யாரும் இருக்க முடியாது. மடியில் பூவோடு மூன்று பேர் ஓடி வந்தார்கள் என்றால் அது ஆறு மணிக் கரண்டு. பூ வைத்திருக்கிற வீட்டில் பிறந்த எவருக்கும் இது தெரியும். ஜோதிடர் தலையை எண்ணினார். பூ விவசாயியான என் அப்பா, அந்தப் பெண்களுக்குத் தன் கையால் சம்பளம் கொடுத்தவர், அவரும் தலையைத்தான் எண்ணினார். அவர்கள் அந்த நேரத்தில் அங்கே ஏன் இருந்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மகரத்திலிருந்து எண்ணியிருந்தாலும் அந்த நாலு எப்படியாவது வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்று கேட்டு, அவள் சொன்ன நேரத்தையே எழுதினேன். புருஷன் முணுமுணுத்தான், நான் முறைத்ததும் அடங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா கொல்லையில் தனியாக இருந்தார். எழுபது வயது, கண் சரியில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. "பத்து மணிக்குப் பூ எடுக்குற பொம்பளைக நம்ம வீட்டுக்குள்ள எப்படிப்பா இருந்தாங்க?" என்று கேட்டேன். முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு அம்மா அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். கையில் இருந்த மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "அப்ப ஆறு மணிக் கரண்டு" என்றார் கடைசியில். "ஆமா" என்றேன். அக்காவிடம் சொல்ல வேண்டியது அவர்தான், நான் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவர் எப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனோ தெரியாது, நிச்சயமாக அவர் செய்த மாதிரி இல்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்பா பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். புதுக்கோட்டையில் கம்ப்யூட்டரில் போட்டு வாங்கியிருக்கிறார். வழுவழுவென்ற அட்டை, முப்பது பக்கத்துக்குமேல் இருக்கும். அக்கா டியூஷன் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "இந்தா தாயி. அன்னைக்குத் தப்பாப் போட்டுட்டாங்க. ஒனக்கு மகர லக்னம். பத்துல செவ்வாய். தோஷமே இல்ல" என்றார். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு ஜாதகத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். எனக்கு அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டாகக் கிழிக்க வேண்டும்போல இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் நின்றாள். பாடம் வாசிக்கிற குரலில் சத்தமாகப் படித்தாள்: "ஜாதகிக்கு இருபத்து மூன்று வயது முடிவதற்குள் விவாகம் நடந்தேறும். வாய்க்கும் கணவர் சாந்த குணமும் பரந்த மனமும் உடையவர்." படித்து முடித்தும் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் முகம் அப்படி ஆகி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா, "தாயி..." என்று ஏதோ சொல்ல வந்தார். அவள் அவரைப் பார்க்காமல், மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. நான் எப்பப் பொறந்தேன்?"

அம்மா மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு கைப்பிடி அளவு உரித்து முறத்தில் போட்டாள். எங்கள் மூவரில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுக்கென்ன, ஒனக்குத் தனியாச் சொல்றேன்" என்றாள். "ஒங்கப்பா காதுல விழுற மாதிரி இனிமே நான் சொல்லமாட்டேன். அவரு சாகுற வரைக்கும் ஆறா பத்தான்னு நிச்சயமாத் தெரியாமலே இருக்கட்டும்."